விளையாட்டு வேறு, சூது வேறு

சேலம், நாமக்கல் ஜில்லாக் கிராமங்களில் கபடிப் பந்தயம் என்றால் ஊர் வாலிபர்களே வீடுவீடாகச் சென்று நன்கொடை சேர்த்து, களம் திருத்தி, விளக்குக் கட்டி, நடுவரையும் அமர்த்துவது வழக்கம். அதில் லாபம் பார்ப்பவர் ஒருவருமில்லை. இதே முறையில், இருவர் எதிரெதிர் நின்று தத்தம் வீரனை ஏவிப் போர் புரியும் கணினிச் சண்டை விளையாட்டுக்கும், அதை ஆடுவோரே கூடி இணையத்தின் வழியே பந்தயம் நடத்தும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் பிரதேசத்து வாலிபரும் இதில் இறங்கினால், சட்டம் அவர்களை விளையாட்டுக்காரராகக் கருதுமா, சூதாடிகளாகக் கருதுமா என்பதே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவாருமுண்டு. அவர்கள் இதன் சரித்திரத்தை அறிய வேண்டும். 1996-ல் அமெரிக்காவின் சன்னிவேல் நகரத்தில், ஒரு விளையாட்டுக் கூடத்தில் 40 பேர் கூடி 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' பந்தயம் நடத்தினார்கள். அதுவே 2002-ல் 'எவோ' என்று பெயர் பெற்று, ஆயிரக்கணக்கானோர் போட்டியிடும் உலகப் பந்தயமாயிற்று. சோனி கம்பெனி மற்றொரு ஸ்தாபனத்துடன் கூடி அதை வாங்கியது 2021-ல்தான். அதுவரை 25 வருஷம் அது ஆடுவோர் கையிலேயே வளர்ந்தது.

தூரத்திலிருப்போர் இணையத்தில் மோதுகையில், ஒருவர் செய்த அசைவு மற்றவரை வந்தடையத் தாமதமாகும். வினாடிக்கு 60 சித்திரங்கள் ஓடும் ஆட்டத்தில் அத்தாமதமே தோல்வியாகிவிடும். எவோவை நிறுவியோருள் ஒருவரான டோனி கேனன், எதிரியின் அசைவை ஊகித்து ஆட்டத்தை நடத்தி, ஊகம் தவறினால் பின்சென்று திருத்திக்கொள்ளும் 'ஜிஜிபிஓ' என்னும் மென்பொருளைச் செய்தார். 2019-ல் அதை எல்லோரும் எடுத்தாளத் திறந்தும் விட்டார். ராசிபுரத்துப் பையன் சென்னைப் பையனோடு சமமாகப் பொருதக்கூடுமானால், அது இத்தகைய முயற்சிகளின் பலனேயாகும்.

திறமை பெருநகரங்களுக்கோ பணக்கார தேசங்களுக்கோ மட்டும் உரியதன்று. லாகூர்வாசியான அர்ஸ்லான் ஆஷ் 2019-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த எவோவின் 'டெக்கன்' பந்தயங்கள் இரண்டையும் வென்று, ஜப்பானியரையும் கொரியரையும் வியக்கவைத்தார். 2023-ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' பதக்கத்துக்குரிய போட்டியாயிற்று. இந்திய வீரரும் அதில் கலந்துகொண்டனர்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஆன்லைன் சூதில் பணமிழந்து உயிரை மாய்த்துக்கொண்டோரின் குடும்பங்களைத் தமிழகம் அறியும். நமது சட்டசபை 2022-ல் தடை மசோதாவை நிறைவேற்றியதும், பார்லிமெண்டு 2025 ஆகஸ்டில் ஒரு சட்டம் இயற்றியதும் அவசியமான காரியங்களே. பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துவோருக்கு 3 வருஷம் வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க மத்திய சட்டம் இடந்தருகிறது. திறமையால் மட்டும் வெற்றி தீரும் 'இ-ஸ்போர்ட்ஸ்' பந்தயத்துக்கு அதே சட்டம் விலக்களித்து, பிரவேசக் கட்டணத்தையும் பரிசையும் அனுமதிக்கிறது. ஆயின் அவ்விலக்கைப் பெற அங்கீகாரமும் பதிவும் வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு வக்கீல்கள் உண்டு. திருச்செங்கோட்டில் தலைக்கு ஐம்பது ரூபாய் போட்டு, வென்றவனுக்கு அதையே பரிசாகக் கொடுக்க எண்ணும் பதினாறு மாணவர்களுக்கு யார் உண்டு?

ஆகவே சர்க்காருக்கு நாம் கூறும் யோசனை இதுதான்: லாபநோக்கற்ற சிறு பந்தயங்களுக்குக் கட்டணமின்றி, ஒரே தாளில், ஜில்லா விளையாட்டு அலுவலகத்திலேயே பதிவு செய்துகொள்ள வழி வகுக்கவேண்டும். பரிசுத்தொகைக்கு ஓர் உச்சவரம்பு விதிப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை.

வாலிபர்களுக்கும் கடமையுண்டு. பந்தயத்தின்மேல் வெளியார் பணம் கட்டுவதை அணுவளவும் அனுமதிக்கலாகாது. வசூலான ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கை எல்லோரும் காண வெளியிடவேண்டும். கல்விக்கும் உறக்கத்துக்கும் உரிய நேரத்தை ஆட்டம் விழுங்கவும் கூடாது. இக்கட்டுப்பாட்டை அவர்களே ஏற்றுக்கொண்டால், அவர்களைச் சந்தேகிக்க ஒருவருக்கும் நியாயமிராது. சூதை ஒழிக்க வீசிய வலையில் விளையாட்டுச் சிக்கி மடியாமல் காப்பது ஆள்வோர் பொறுப்பு.