மலையில் மலசலகூடம் கேட்போம்

தோட்டத்துச் சுகாதாரம் என்று பேச்செடுத்தால், டிஸ்பென்சரியில் மருந்து இல்லை, அம்புலன்ஸ் இல்லை, நோயாளியைக் கொழுந்து லொறியில் ஏற்றிப் போகிறோம் என்றுதான் தொடங்குகிறோம். எல்லாம் கேட்கவேண்டிய விஷயங்களே. ஆனால் அவையெல்லாம் நோய் வந்த பிறகு நடப்பவை. அந்த நோயில் ஒரு பங்கு கொழுந்து மலையிலேயே உண்டாகிறது.

காலையில் மலை ஏறும் பெண், பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கும்வரை எங்கே ஒதுங்குவாள்? பெரும்பாலான மலைகளில் மலசலகூடம் இல்லை. லயத்துக்குப் போய்வந்தால் இரண்டு கிலோ கொழுந்தாவது போய்விடும். கிலோ குறைந்தால் அரைப் பேர். தேயிலைக்குள் ஒதுங்கினால் அட்டை, பாம்பு, குளவி, பக்கத்து நிரையில் ஆண்கள். மாதவிடாய் நாட்களில் படும் பாட்டை எழுதவே வேண்டாம். ஆகவே எங்கள் பெண்கள் கண்ட வழி, தண்ணீர் குடிக்காமலே வேலை செய்வது.

தண்ணீரும் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கினால் சிறுநீர்ப்பாதையில் கிருமி பிடிக்கும். நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, காய்ச்சல். அதற்கு இரண்டு பெனடோல் தருகிறார்கள், மறுநாளும் அதே மலை. கர்ப்பிணிக்கு இது வந்து கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவம்வரை போகலாம், பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். மலசலகூடம் இல்லாதது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லவில்லை. சம்பளமும் சாப்பாடும் லயத்து அடுப்புப் புகையும் பீலித் தண்ணீரும் சேர்ந்தே இதைச் செய்கின்றன. ஆனால் இவற்றில் சீக்கிரம் தீர்க்கக்கூடியது மலசலகூடம்தான்.

நம் கையில் உள்ள ஒன்றையும் சொல்லவேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நாம் பறிக்கும் கொழுந்தே நம் இரத்தத்தைக் குறைப்பது என்ன நியாயமோ! சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

செலவு அதிகம், மலையில் தண்ணீர் இல்லை, கட்டினாலும் பாவிக்கமாட்டார்கள் என்று நிர்வாகம் சொல்லும். மருந்தடிக்க மலைக்குத் தண்ணீர் போகிறதே! அழுக்காய், கதவில்லாமல், பூட்டுப் போட்டுக் கிடப்பதை யார்தான் பாவிப்பார்கள்? தேயிலைக்குச் சான்றிதழ் கொடுக்கும் ரெயின்ஃபோரஸ்ட் அலையன்ஸ் போன்ற அமைப்புகளின் விதிகளிலேயே தொழிலாளருக்குக் குடிநீரும் மலசலகூடமும் உண்டு. அந்த முத்திரையைப் பெட்டியில் ஒட்டி விற்பவர்கள் மலையிலும் அதைக் காட்டவேண்டும்.

ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு வருடக்கணக்காகப் போராடி, 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் பெற்றோம். மலசலகூடத்துக்காக ஒருநாள்கூட பிரட்டுக்களத்தில் நின்றதில்லை. பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் அநேகமாக ஆண்கள் என்பதும் ஒரு காரணம் என்பேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு மாதர் சங்கத் தலைவிகள் ஒரு கணக்கு எடுத்து வாருங்கள். எந்த மலை, எத்தனை பேர் கொழுந்து எடுக்கிறார்கள், அருகிலுள்ள மலசலகூடம் எவ்வளவு தூரம், குடிக்கத் தண்ணீர் உண்டா? அத்துடன் போய்வரும் நேரத்துக்குக் கிலோ கழிக்கக்கூடாது, கழுவுவதற்குப் பேர் போட்டு ஆள் வைக்கவேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் எழுதுங்கள். ஒரு பிரதி துரைக்கு, இன்னொன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு, மூன்றாவது சங்கக் காரியாலயத்துக்கு.