மூடிய ஆலையின் நிலம்: வாங்குமுன் ஆராய்வோம்

அச்சரப்பாக்கம் வட்டாரத்தில் சங்கங்களுக்கு இடம் தேடுவது வரவரக் கடினமாகி வருகிறது. சென்னையையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் நெடுஞ்சாலை நம் ஊர் வழியே செல்வதால் சாலையோர நிலத்துக்குப் போட்டி அதிகம். நெசவாளர் சங்கம் சாயக் கொட்டகைக்கும், பாவு நீட்டிக் கஞ்சி போடுவதற்கும் இடம் தேடுகிறது. விவசாயிகள் சங்கம் நெற்கிடங்குக்கும் களத்துக்கும் இடம் தேடுகிறது. இத்தருணத்தில், எங்கோ ஓர் ஆலை மூடிக் கிடக்கிறது, சுற்றுச்சுவரும் கிணறும் மின் இணைப்பும் உள்ளன, பாதி விலைக்குக் கிடைக்கும் என்று யாரேனும் வந்து சொன்னால் நிர்வாகிகளின் மனம் அப்பக்கம் சாய்வது இயல்பே. அதில் குற்றமில்லை. ஆனால், அந்த நிலம் ஏன் பாதி விலைக்கு வருகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் கையெழுத்திடுவது பெருந்தவறு என்பதே இக்கட்டுரையில் நான் அங்கத்தினர்களுக்குச் சொல்ல விரும்புவது.

தணிக்கை செய்யப்படாத கணக்கைப் புதிய நிர்வாகக் குழு பொறுப்பேற்பதில்லை. இருப்பைச் சரிபார்க்கிறோம், வசூலாகாத கடனைத் தனியே எழுதுகிறோம், பிறகே கையொப்பமிடுகிறோம். நிலத்துக்கு மட்டும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்து அமைதி அடைந்துவிடுகிறோம். வில்லங்கச் சான்று அந்நிலத்தின் மீது பதிவான அடமானத்தைச் சொல்லும். மண்ணுக்குள் புதைந்துள்ள கழிவைச் சொல்லாது. அதுவும் ஒரு வில்லங்கமே. அடமானத்தைப் பணம் கட்டி மீட்கலாம். கழிவோ, அதன்மீது குடியிருப்போர் உடலிலும் அருகிலுள்ளோர் கிணற்றிலும் வட்டியோடு வசூலாகும்.

இது வெறும் அச்சமன்று. நம் மாவட்டத்தின் வழியாக ஓடி வயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாற்றின் மேற்பகுதியில் இராணிப்பேட்டை உள்ளது. அங்கே சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்னும் ஆலை, தோல் பதனிடுவதற்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்துவந்தது. 1990களில் அது மூடப்பட்டது. ஆலை நின்றதேயொழிய அதன் கழிவு நிற்கவில்லை. ஏறக்குறைய 2.27 லட்சம் டன் குரோமியக் கழிவு அந்த வளாகத்திலேயே மலைபோல் குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் வழிந்தது. நிலத்தடி நீரிலும் குரோமியம் கலந்தது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நீரில் எளிதாகக் கரையும் குரோமியத்தின் நச்சு வடிவம் புற்றுநோய் விளைவிக்க வல்லது. ஆலையை நடத்தியவர்கள் இலாபம் ஈட்டிய ஆண்டுகள் சில. அதனால் ஊரார் படும் துன்பமோ ஒரு தலைமுறையைக் கடந்துவிட்டது.

கொடைக்கானலின் கதையும் நாம் அறிந்ததே. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட வெப்பமானி ஆலை 1983இல் அங்கு நிறுவப்பட்டது. பின்னர் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் வசமாயிற்று. பாதரசம் படிந்த கண்ணாடி உடைசல்கள் ஊரின் பழைய சாமான் கிடங்கில் கிடந்ததை மக்கள் கண்டு கிளர்ந்தெழுந்த பின், 2001இல் ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் மண்ணில் கலந்த பாதரசத்தைக் கப்பலேற்ற முடியவில்லை. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் வரை விட்டு வைக்கலாம் என்பதிலேயே ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 20 மில்லிகிராம் போதும் என்றனர் ஒரு சாரார். ஆலையை அடுத்துச் சோலைக்காடு இருப்பதால் அது போதாது என்றனர் மறு சாரார்.

மலிவு விலை எவ்வளவு விபரீதமாகும் என்பதற்கு அமெரிக்க நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நயாகரா நகரில் லவ் கெனால் என்பது பாதியில் நின்றுபோன ஒரு கால்வாய். ஹூக்கர் கெமிக்கல் என்ற கம்பெனி 1942 முதல் 1953 வரை அதில் ஏறக்குறைய 21,000 டன் இரசாயனக் கழிவைப் புதைத்து மண்ணிட்டு மூடியது. 1953இல் அந்நிலத்தை நகரப் பள்ளி வாரியத்துக்கு 1 டாலர் விலைக்குக் கொடுத்தது. பிற்காலத்தில் தீங்கு நேர்ந்தால் தனக்குப் பொறுப்பில்லை என்ற வாசகத்தையும் பத்திரத்தில் எழுதிக்கொண்டது. அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978இல் வீட்டு நிலவறைகளில் இரசாயனம் கசிவது தெரிந்து, அந்நாட்டு ஜனாதிபதி நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற நேர்ந்தது. 1980இல் இதற்கெனத் தனிச் சட்டமே பிறந்தது. 1 டாலருக்கு வாங்கிய நிலம் உலகிலேயே விலையுயர்ந்த நிலங்களுள் ஒன்றாயிற்று!

ஆகவே, மூடிய ஆலையின் நிலத்தை ஆராய வேண்டிய முறையை அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நலம். முதற்படி காகிதங்களில் தொடங்குகிறது. அங்கே என்ன தொழில் நடந்தது, எந்தச் சரக்கு உள்ளே வந்தது, எந்தக் கழிவு எவ்வழியே வெளியே போயிற்று என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளித்த இசைவாணையிலிருந்து அறியலாம். அதைவிடத் தெளிவாக, அங்கே வேலை செய்த முதிய தொழிலாளிகள் சொல்வார்கள். குழி வெட்டிப் புதைத்த இடம் அவர்களுக்குத் தெரியும். இரண்டாவது படி கண்ணால் காண்பது. புல் முளைக்காத திட்டு, நிறம் மாறிய மண், கிணற்றில் வீசும் நாற்றம், உப்புப் பூத்த சுவர் ஆகியவை குறிப்புகள். மூன்றாவது படி ஆய்வுக்கூடம். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து மேல்மண்ணும் ஆழத்து மண்ணும் தனித்தனியே எடுக்க வேண்டும். நீரோட்டத்துக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் உள்ள கிணறுகளிலிருந்து கோடையிலும் மழைக்குப் பின்னும் நீர் எடுக்க வேண்டும். ஆலையின் நிழல்படாத வயலிலிருந்து ஒரு மாதிரியை ஒப்புநோக்குவதற்காக எடுத்து வைத்தல் அவசியம்.

விவசாயி அங்கத்தினர்களுக்கு இங்கே ஒரு சொல். உரமிடுவதற்காக நாம் செய்துகொள்ளும் மண் பரிசோதனை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, உவர் நிலை முதலியவற்றையே காட்டும். குரோமியம், ஈயம், பாதரசம் ஆகியவற்றைத் தனியே கேட்டுப் பரிசோதித்தாலொழிய அவை வெளிப்படா. “மண் பரிசோதனை செய்தாயிற்று” என்று விற்பவர் நீட்டும் அட்டையைக் கண்டு ஏமாறக் கூடாது.

இனி, இந்நிலங்களைத் தீண்டாமலே கிடக்க விடுவதா? அதுவும் சரியன்று. வேலியிட்டு மறந்துவிட்ட நிலத்திலிருந்து நஞ்சு மழைநீரோடு வெளியேறிக்கொண்டேதான் இருக்கும். நிலத்தைத் திருத்த வழிகள் உள்ளன. நச்சு மண்ணைத் தோண்டி எடுத்துப் பாதுகாப்பான புதைகுழிக்குக் கொண்டுபோகலாம். களிமண்ணாலும் நீர் புகா விரிப்பாலும் மூடி முத்திரையிடலாம். குரோமியத்தின் நச்சு வடிவத்தை இரும்புச் சல்பேட்டு முதலியன கொண்டு தீங்கு குறைந்த வடிவமாக மாற்றலாம். இலண்டன் நகரின் கிழக்கே பழைய ஆலைகளால் கெட்டுப்போயிருந்த லீ நதிப் பள்ளத்தாக்கில் மண்ணைத் தோண்டிக் கழுவி, அங்கேயே மீண்டும் இட்டு, 2012ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டை நடத்தினார்கள். இன்று அது மக்கள் உலவும் பூங்கா. எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதைப் பொறுத்தே எவ்வளவு சுத்தம் வேண்டும் என்பது அமையும். தளமிட்ட கிடங்குக்குப் போதுமான சுத்தம் பால்வாடிக்குப் போதாது; காய்கறிப் பாத்திக்கு அறவே போதாது. எனவே பயனை முதலில் தீர்மானித்து, அதைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். இல்லையேல், கிடங்குக்கென்று திருத்திய நிலத்தில் பத்தாண்டுக்குப் பின் பள்ளிக்கூடம் எழும்பும்.

செலவு யாருடையது? மாசு செய்தவரே பொறுப்பு என்பதையும், தீங்கு நேருமுன்பே தடுக்க வேண்டும் என்பதையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் ஏற்றது. அவ்வழக்கு பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றியதே. 2025இல் மத்திய அரசாங்கம் மாசுற்ற நிலங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. ஐயத்துக்குரிய நிலங்களை ஆண்டுக்கு இருமுறை பட்டியலிட வேண்டும். தகவல் கிடைத்த 90 நாட்களுக்குள் முதல் ஆய்வு நடைபெற வேண்டும். பொறுப்பாளியைக் கண்டறிந்து செலவை வசூலிக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. அவ்விதிகள் வந்த காலத்தில் நாடெங்கும் 103 இடங்கள் மாசுற்றவையென அறியப்பட்டிருந்தும், 7 இடங்களிலேயே சீரமைப்புத் தொடங்கியிருந்தது. சட்டம் நம் வாசலுக்குத் தானாக வராது. நாம்தான் அழைத்துவர வேண்டும். மேலும், மூடிய கம்பெனியிடம் வசூலிப்பது வற்றிய கிணற்றில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும். ஆகவே, ஆலை நடக்கும்போதே மூடுகாலச் சீரமைப்புக்கென்று ஒரு தொகையை வைப்பாகப் பெற வேண்டுமென்பது என் கருத்து.

“இவ்வளவும் செய்தால் காலம் போய்விடும்; நிலத்தை வேறொருவர் வாங்கிவிடுவார்” என்று சிலர் சொல்லக்கூடும். நம் ஊரின் பெயரே இதற்கு விடை கூறுகிறது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் முதலில் விநாயகரை நினையாமையால் தேரின் அச்சு இற்றது. அதனால் இவ்வூர் அச்சிறுபாக்கமாயிற்று என்பது தலபுராணம். முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்யாவிடில் தேரும் ஓடாது. பரிசோதனைச் செலவு நிலத்தின் விலையில் ஒரு சிறு பங்கே. அதற்கு அஞ்சி, அங்கத்தினர்களின் பங்குத் தொகையையே புதைத்துவிடலாமா?

பிறர் குற்றத்தைச் சொல்லும்போது நம் முற்றத்தையும் பார்க்க வேண்டும். நொய்யலாற்றில் 1990களில் விவசாயிகளுக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை திருப்பூரின் சாயக் கழிவு தேங்கும் குட்டையாயிற்று. பாசனத்துக்கு வரவேண்டிய நீரே பயிரைக் கருக்கியது. 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் சாய ஆலைகள் மூடப்பட்டபோது தொழிலாளிகளின் அடுப்பும் அணைந்தது. நெசவாளனும் உழவனும் ஒரே நீரை நம்பி வாழ்கிறவர்கள். நம் சங்கச் சாயக் கொட்டகைகளின் வடிகால் எங்கே போய் நிற்கிறது என்பதையும் இப்போதே பார்த்து வைக்க வேண்டும். நாளை நாம் விட்டுச்செல்லும் நிலமும் இன்னொருவர் ஆராய வேண்டிய நிலமாகிவிடக் கூடாது.

எனவே, சங்கங்கள் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றலாம். மண், நீர் ஆய்வறிக்கையைப் பொதுச் சபையில் படித்துக் காட்டாமல் எந்தப் பழைய தொழில் நிலத்தையும் விலைக்கோ குத்தகைக்கோ ஏற்பதில்லை என்பது ஒன்று. ஊராட்சியிலுள்ள மூடிய ஆலைகளின் பட்டியலைக் கிராம சபை தயாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பக் கோருவது இரண்டு. சங்கத்தின் சொந்தச் சாயக் கொட்டகையின் மண்ணையும் கிணற்றையும் ஆண்டுதோறும் பரிசோதித்து, முடிவைத் தணிக்கை அறிக்கையோடு சேர்த்து வைப்பது மூன்று. அடுத்த பொதுச் சபை அறிவிப்பிலேயே இவற்றைப் பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் தத்தம் செயலாளருக்கு எழுதிக் கொடுப்பார்களாக.

— கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்