கடல்நாய்ப் பெண்ணின் பாதிக் கதை

வட அட்லாண்டிக் சமுத்திரத்தில், ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே, பாரோ தீவுகள் என்று 18 தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றாகிய கால்சோயில் மிக்லாதாலூர் என்பது ஒரு சிற்றூர். அவ்வூர்க் கடலோரப் பாறைமீது 2014-ல் ஒரு பெண்ணின் சிலையை நிறுத்தினார்கள். அவள் கையில் கடல்நாயின் தோல்!

இவள் கதை உலகறிந்தது. கடல்நாய்கள் ஆண்டுக்கொரு நாள் இரவில் கரையேறி, தோலைக் கழற்றிவைத்து மனித உருவில் நடனமாடுமாம். வாலிபனொருவன் ஒருத்தியின் தோலைத் திருடிப் பெட்டியில் பூட்டி, அவளை மனைவியாக்கிக்கொண்டான். பிள்ளைகளும் பிறந்தன. ஒருநாள் மீன்பிடிக்கப் போனவன் சாவியை மறந்துவிட்டான். (சாவியை மறக்காத கணவன் எந்த தேசத்துக் கதையிலும் இல்லை!) குழந்தைகள் சுட்டுக்கொள்ளாதிருக்க அடுப்பை அணைத்து, கத்திகளை ஒளித்துவைத்துவிட்டு, அவள் கடலுக்குப் போய்விட்டாள்.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பெரும்பாலும் கதை இத்தோடு முடிந்துவிடும். கேட்பவரும் ஒரு பெருமூச்சோடு எழுந்து போகலாம். மிக்லாதாலூர்க் கதை அப்படி விடுவதில்லை. ஊரார் கடல்நாய் வேட்டைக்குப் புறப்படுகிறார்கள். முந்தின இரவு அவள் கனவில் வந்து, குகையிலுள்ள தன் துணையையும் இரு குட்டிகளையும் கொல்லவேண்டாமென்று மன்றாடுகிறாள். அவன் பொருட்படுத்தவில்லை. அன்றிரவு அவற்றின் இறைச்சி உணவுக்கு வந்தபோது அவள் பூத வடிவில் உள்ளே நுழைகிறாள். இவ்வூர் ஆண்கள் கடலில் மூழ்கியும் மலைமுகட்டிலிருந்து விழுந்தும் மடிவார்கள். மடிந்தவர்கள் கைகோத்து நின்றால் தீவையே சுற்றி வளைக்குமளவு அது தொடரும் என்று சபித்துச் செல்கிறாள்.

இதைக் காதல் கதையென்று சொல்வது அநியாயம். செங்குத்துப் பாறைகளில் பறவை பிடித்தும், சிறு படகில் மீன் பிடித்தும் வயிறு வளர்த்த ஊர் அது. அங்கே சாவு புதிதல்ல. ஆனால் அந்தச் சாவுக்குக் காரணம் தேடிய ஜனங்கள் விதியைச் சொல்லவில்லை, கடலைத் திட்டவில்லை. திருடியவனும் நாங்களே, கொன்றவனும் நாங்களே என்று தங்கள் ஊர்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார்கள். அதையே பேரப்பிள்ளைகளுக்கும் சொன்னார்கள். தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஊர்க்கதைகள் எத்தனை தேறும்?

இது வாய்மொழியாகவே பிழைத்ததும் அதிசயந்தான். கோயிலிலும் பள்ளியிலும் டேனிஷ் மொழி ஆட்சி செய்தது. குளிர்கால இரவுகளில் அடுப்பைச் சுற்றிக் கம்பளி நூற்றுக்கொண்டே சொன்ன கதைகளும், வாத்தியமின்றிக் கைகோத்து ஆடிப் பாடிய நெடும் பாட்டுகளுமே பாரோ மொழியைக் காத்தன. ஹாமர்ஸ்ஹைம்ப் என்ற பாதிரியார் அதற்கு எழுத்துமுறை வகுத்தது 1846-ல். சுயாட்சி பெற்று அது முதன்மை மொழியானது 1948-ல். அத்தனை காலம் நாவிலேயே சுமந்துவந்த கதையைப் பயணிகளுக்காகப் பாதியாக வெட்டுவானேன்? சிலையைக் காட்டும் வழிகாட்டி அந்த இராச் சாப்பாட்டையும் விடாமல் சொல்லட்டும். படம் பிடிக்க வந்தவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.