பள்ளிக்கரணைக் கழுவெளி

சென்னை நகரத்தின் தென்பாகத்தில் வசிப்போரில் பள்ளிக்கரணைக் கழுவெளியை வாகனத்தில் கடந்து போகாதவர் சிலரே. ஆனால், இறங்கி நின்று அதைக் கண்ணாரக் கண்டவர் எத்தனை பேர்? மயிலாப்பூரிலிருந்து அடையாறு, வேளச்சேரி வழியாக எளிதில் சென்று சேரக்கூடிய இடம் அது. மார்கழி மாதத்துக் காலையில் அங்கு செல்வோருக்கு, கோரையும் நாணலும் அடர்ந்த புல்வெளியோ, நீர் பரந்த ஏரியோ என்று பிரித்தறிய முடியாத காட்சி தென்படும். செங்கால் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் மேயும், கூழைக்கடாக்கள் மிதக்கும், தாழைக்கோழிகள் புல்லிடையே நடமாடும், இலைக்கோழிகள் நீர்ச்செடிகளின் மீது கால் வைத்து நடக்கும். வடதேசங்களின் குளிருக்கு அஞ்சிப் பல்லாயிரம் மைல் பறந்து வரும் பறவைகள் பலவற்றுக்கும் அதுவே சத்திரம்.

இக்காட்சியின் அழகைப் புகழ்வது மட்டும் நமது நோக்கமன்று. பறவைகளுக்குச் சத்திரமாயுள்ள அந்நிலம் மனிதருக்குக் காவலாகவும் இருக்கிறது என்பதை நம் ஜனங்கள் உணரவேண்டும். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழையும், மாடம்பாக்கம், செம்பாக்கம், நாராயணபுரம் முதலிய 30-க்கு மேற்பட்ட ஏரிகளின் உபரி நீரும் இச்சதுப்பையே வந்தடைகின்றன. வந்த வெள்ளத்தைக் கழுவெளி ஏந்தி நிறுத்தி, ஒக்கியம் மடுவின் வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளத்து முகத்துவாரத்துக்கும் சிறிது சிறிதாக அனுப்புகிறது. தேங்கிய நீர் நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளுக்கு ஊற்றாகிறது; கடலின் உப்பு உள்ளே ஏறாதபடி தடுக்கிறது. எந்த எஞ்சினீயரும் கூலி பெறாமல் கட்டிக்கொடுத்த நீர்த்தேக்கம் அது.

இத்தகைய நிலத்தை நாம் எவ்வாறு நடத்தினோம்? 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகக் கணக்கிடப்படும் கழுவெளியில், எதற்கும் உதவாத புறம்போக்கு என்று சொல்லிச் சாலைகளைப் போட்டோம். காரியாலயங்களையும் மாளிகைகளையும் எழுப்பினோம். பெருங்குடிப் பக்கத்தில் நகரத்தின் குப்பையையெல்லாம் மலையாகக் குவித்தோம். 2015 டிசம்பரிலும், மீண்டும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்து நாட்கணக்கில் நின்றது. வெள்ளம் நம் வீட்டுக்குள் வந்தது என்று அழுகிறோம். வெள்ளத்தின் வீட்டுக்குள் நாம் முன்னமே புகுந்துவிட்டோம் என்பதை மறந்து பேசுகிறோம்.

இது நமக்குப் புதிய பாடமன்று. இன்று தியாகராய நகர் என வழங்கும் பேட்டை எதன்மீது நிற்கிறது? சைதாப்பேட்டைப் பக்கமிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பேரேரியின் ஒரு பாகம் 1920-களில் தூர்க்கப்பட்டே அந்நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் எஞ்சியிருந்த பாகமும் பிற்பாடு மறைந்தது. 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அவ்விடத்திலேயே நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்னும் வீதி இன்றும் உண்டு. அங்கிருந்து காண்பதற்கு ஏரிதான் இல்லை. அன்று ஏரியைத் தூர்த்தவர்களுக்கு அதன் பலன் தெரியாதிருக்கலாம். அவ்வித சாக்குச் சொல்ல நமக்கு வழியில்லை.

பெருகிவரும் ஜனத்தொகைக்கு வீடுகள் வேண்டாவா என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. ஆனால், நீர் நிற்கும் பள்ளத்தில் வீடு கட்டி விற்பது வீடில்லாதவருக்குச் செய்யும் உபகாரமாகாது. மேலும், கூவம், அடையாற்றுக் கரைகளில் குடியிருந்த ஏழைகளை ஆக்கிரமிப்பாளர் என்று அகற்றி, இக்கழுவெளியை அடுத்த பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் குடியேற்றியவர்கள், சதுப்பின்மீதே எழுந்த பெரிய கட்டிடங்களைக் கண்டும் காணாதிருப்பது எந்த நீதி? சட்டம் குடிசைக்கு ஒன்று, மாளிகைக்கு ஒன்று என்றிருத்தல் ஆகாது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 2007-ல் கழுவெளியின் ஒரு பாகம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் 1,248 ஹெக்டேர் பரப்பு, சர்வதேச முக்கியத்துவமுடைய சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. ஆனால், எல்லை காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது என்பதைப் பின்னர் எழுந்த வழக்குகள் காட்டின. 2025-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, நிலத்தை நேரில் அளந்து முடிக்கும்வரை ராம்சார் எல்லைக்குள்ளும், அதைச் சூழ்ந்த ஒரு கிலோமீட்டர் தூரத்திலும் புதிய கட்டிடங்களுக்கு அனுமதி கொடுக்கலாகாது என்று கட்டளையிட நேர்ந்தது. அதிகாரிகள் தாமே செய்திருக்கவேண்டிய காரியத்தை நியாயஸ்தலம் நினைவூட்டவேண்டியதாயிற்று.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை: எல்லையை அளந்து கல் நட்டு, அதன் படத்தைத் தமிழில் வெளியிடவேண்டும். ஏரிகளிலிருந்து கழுவெளிக்கு வரும் கால்வாய்களையும், ஒக்கியம் மடுவையும் அடைப்பின்றி வைத்திருக்கவேண்டும். பெருங்குடிக் குப்பை முழுவதையும் அகற்றி, அந்நிலத்தைச் சதுப்புக்கே திருப்பித் தரவேண்டும். பெரிய ஆக்கிரமிப்புகளின்மீது முதலில் கை வைக்கவேண்டும். ஏழைகளின் வீடுகளில் தொடங்கலாகாது.

பொதுஜனங்களுக்கும் கடமையுண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் அக்கழுவெளியைப் பாருங்கள். கண்ணால் கண்டறியாத பொருளுக்காக எவரும் வாதாடமாட்டார். மாம்பலத்து ஏரி போனபோது கேட்பாரில்லை. பள்ளிக்கரணைக்கும் அக்கதி நேருமாயின், அடுத்த மழையில் வெள்ளம் நம் வாயிலுக்கே வந்து கணக்குக் கேட்கும்.