காப்புரிமை தீர்ந்த கிரேக்கம்

‘மூலபாஷையில் பார்த்தால்…’ என்று தொடங்கும் பேச்சு இன்று தமிழ்ப் பிரசங்க மேடைகளில் சாதாரணம். ஒரு தலைமுறைக்கு முன்பு அப்படிச் சொல்ல விரும்பியவர் இறையியல் கல்லூரியில் கிரேக்கத்தோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். இப்போது கைபேசி போதும். வசனத்தைத் தொட்டால் ஓர் எண் வரும். எண்ணைத் தொட்டால் கிரேக்கச் சொல்லும் உச்சரிப்பும் ஆங்கிலத்தில் நாலைந்து பொருளும் வரும். பைசா செலவில்லை. புளூ லெட்டர் பைபிள், ஈ-சோர்டு போன்ற செயலிகள் செய்திருக்கும் உபகாரத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலைந்து பொருளை யார் எழுதினார், எந்த ஆண்டில், எந்தச் சான்றுகளை வைத்து எழுதினார் என்பதை அந்தச் சின்னத் திரையில் பெரும்பாலோர் தேடுவதில்லை.

தேடினால் கொஞ்சம் திடுக்கிடும். எண்களைக் கொடுத்தவர் அமெரிக்காவின் டுரூ இறையியல் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்டிராங். அவருடைய சொல்லடைவு வெளிவந்தது 1890இல். எண்ணுக்கு அடியில் வரும் விரிவான விளக்கம் பல செயலிகளில் ஜோசப் தேயருடையது. அந்த அகராதியின் திருத்திய பதிப்பு 1889. இரண்டும் இலவசமாகக் கிடைக்கக் காரணம் அவற்றின் தரம் அல்ல, காப்புரிமை எப்போதோ தீர்ந்துபோனதுதான். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தைப் பற்றிப் பணமில்லாத வாசகர் என்ன தெரிந்துகொள்ளலாம் என்பதை இன்று முடிவுசெய்வது காப்புரிமைச் சட்டம்.

ஸ்டிராங் மீது பழி போடுவது நியாயமாகாது. அவர் செய்ய நினைத்தது சொல்லடைவு. கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது, அதன் பின்னால் இருக்கும் எபிரேய, கிரேக்கச் சொல் எது என்று காட்டுவதே நோக்கம். கிரேக்கச் சொற்களின் எண்கள் 5624 வரை போகின்றன. கடைசியில் சிறு அகராதி ஒன்றை இணைத்தார். அதில் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு கோடு வரும். அதற்கப்பால் இருப்பவை, கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தச் சொல்லுக்குப் பல இடங்களில் வைத்த ஆங்கிலச் சொற்கள். 1611ஆம் ஆண்டு ஆங்கிலேயர்கள் என்ன எழுதினார்கள் என்ற கணக்கு அது. அதையே கிரேக்கச் சொல்லின் பொருள் பட்டியலாக எடுத்துக்கொண்டு, தமக்குப் பிடித்த ஒன்றைப் பொறுக்கி, ‘மூலத்தில் இப்படியும் பொருள் உண்டு’ என்று சொல்வது சுற்றிச் சுற்றி ஆங்கிலத்துக்கே திரும்பி வருவதுதான். தமிழ் வசனத்தில் தொடங்கி, எண் வழியாகக் கிரேக்கத்தைத் தொட்டு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இறங்குகிறோம். நடுவில் கிரேக்கம் ஒரு ரயில் நிலையமாகக்கூட நிற்பதில்லை.

தேயரின் சங்கதி வேறு. அவர் ஹார்வர்டு பேராசிரியர். வில்கே தொடங்கி கிரிம் வளர்த்த கிரேக்க-லத்தீன் அகராதியை ஆங்கிலமாக்கி, தாமும் ஏராளமாகச் சேர்த்தார். அந்தக் காலத்துக்கு அது உச்சம். துரதிர்ஷ்டம் காலத்தில்தான். புதிய ஏற்பாட்டில் மட்டுமே வருகின்றன என்று நினைத்த சொற்களை அவர் பின்னிணைப்பில் தொகுத்துக் கொடுத்தார். அவை பல நூறு. இது ஒரு தனி மொழி, கிறிஸ்தவர்களுக்கென்றே பிறந்த கிரேக்கம் என்று அந்நாளைய அறிஞர் பலர் நம்பியதற்கு அப்பட்டியலே போதுமான சாட்சியாக இருந்தது. அச்சு காய்ந்து பத்தாண்டு ஆவதற்குள் எகிப்து பேச ஆரம்பித்துவிட்டது. 1896–97 குளிர்காலத்தில் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேடுகளை கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரண்டு ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர்கள் தோண்டினார்கள். கிடைத்தவை கடன் பத்திரம், வரி ரசீது, கல்யாண அழைப்பு, வீட்டுக்குப் பணம் கேட்டு எழுதிய கடிதம். பவுல் எழுதிய கிரேக்கமும் கடைத்தெருக் கணக்கனின் கிரேக்கமும் அடிப்படையில் ஒன்றுதான் என்பதை ஜெர்மானியப் போதகர் அடால்ஃப் டைஸ்மன் முன்பே, 1895இலேயே, சொல்லத் தொடங்கியிருந்தார். பாப்பிரஸ் என்ற நாணல்தாளில் எழுதிய இத்தகைய ஏடுகள் குவியக் குவிய அது மறுக்க முடியாததாயிற்று. அவர் கணக்கில், வேறெங்கும் வராத புதிய ஏற்பாட்டுச் சொற்கள் சுமார் ஐம்பதாகச் சுருங்கின.

தமிழ் வாசகருக்கு இதன் தீவிரம் புரிய ஒரே ஒரு ஒப்பீடு போதும். மிரோன் வின்சுலோவின் தமிழ் அகராதி 1862இல் வந்தது, உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு 1894இல். சங்கத் தமிழ் அச்சேறுவதற்கு முன்பு தொகுத்த அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் இன்று சங்கச் சொல்லுக்குத் தீர்ப்புச் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? வின்சுலோவை மதிப்போம், தீர்ப்பை ஏற்க மாட்டோம். தேயரை வைத்து நடப்பது அதுதான்.

புதிய சான்றுகளை முதலில் ஒழுங்காகத் தொகுத்தவர்கள் மோல்டனும் மில்லிகனும். பாப்பிரஸ், கல்வெட்டு, மட்பாண்டச் சில்லு ஆகியவற்றிலிருந்து புதிய ஏற்பாட்டுச் சொற்களுக்கு எடுத்துக்காட்டு தேடி, 1914 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார்கள். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் மாயக்காரர் ‘தங்கள் பலனை’ வாங்கிக்கொண்டதைச் சொல்ல வரும் வினைச்சொல், எகிப்தில் ‘முழுத்தொகை பெற்றுக்கொண்டேன்’ என்று ரசீதில் எழுதும் அதே சொல் என்பது இந்த வகை உழைப்பில் தெளிவானது. பொருளைத் தேயரும் தவறவிடவில்லை. ரசீதுதான் அவர் கையில் இல்லை. அந்த ரசீது வந்த பிறகு வசனத்தில் ஏறும் எள்ளலே தனி.

ஜேம்ஸ் ஹோப் மோல்டன் நூலை முடிக்கவில்லை. பார்சிகளின் ஜொராஸ்டிரிய சமயத்திலும் ஆழ்ந்த புலமை கொண்ட அவர், முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்திருந்தார். 1917 ஏப்ரலில் ஊர் திரும்பும்போது மத்தியதரைக் கடலில் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கியது. படகில் தத்தளித்த நாட்களில் உயிர் பிரிந்தது. அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டிய டைஸ்மன் ஒரு ஜெர்மானியர். மில்லிகன் தனியாக உழைத்து 1929இல் முடித்தார். இந்தப் புத்தகமும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் ஸ்டிராங்கின் எண்ணோடு பின்னிக் கிடக்காததால் யாரும் தொடுவதில்லை.

பாப்பிரஸ் வந்தது, எல்லாம் தீர்ந்தது என்று கதையை முடித்துவிடவும் முடியாது. பரமண்டல ஜெபத்தில் அப்பத்துக்கு அடைமொழியாக வரும் எபியூசியோஸ் என்ற சொல்லின் கதையைப் பாருங்கள். மத்தேயுவிலும் லூக்காவிலும் உள்ள அந்த ஜெபத்துக்கு வெளியே, அதை ஒட்டி எழுதியவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆரிஜென், இது சுவிசேஷகர்கள் உண்டாக்கிய சொல்லாக இருக்கும் என்றார். அவருக்குக் கிரேக்கம் தாய்மொழி என்பதை மறந்துவிடக் கூடாது. ஜெரோம் லத்தீனில் மத்தேயுவுக்கு ஒரு சொல்லும் லூக்காவுக்கு வேறொரு சொல்லும் போட்டுத் தப்பித்தார். 1889இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தின் ஹவாராவில் எடுத்த ஒரு துணுக்கை ஏ.எச். சேஸ் படித்து வெளியிட்டார். யாரோ எழுதிவைத்த செலவுக் கணக்கு. அதில் அந்தச் சொல் இருப்பதாகப் பிற்பாடு கண்டுகொண்டார்கள். பிரைசிக்கேயின் பாப்பிரஸ் ஆவணத் தொகுப்பில் அது 5224 என்ற எண்ணோடு ஏறியது. அங்கிருந்து வால்டர் பவுவரின் புதிய ஏற்பாட்டுக் கிரேக்க அகராதிக்குப் போனது. அன்றாடப் படிக்காசு, ரேஷன் என்ற பொருளுக்குக் கடைசியில் சாட்சி கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள்.

ஆனால் அந்தத் துணுக்கையே காணவில்லை. 1957இல் புரூஸ் மெட்ஸ்கர் இதைச் சுட்டிக்காட்டி, சேஸின் வாசிப்பை அப்படியே நம்ப முடியாது என்று எச்சரித்தார். பெட்ரி எடுத்து நூற்றாண்டு கழித்து அது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. நைமன், வோர்ப் என்ற இருவர் மறுபடி படித்து 1999இல் வெளியிட்ட முடிவு: அங்கே இருப்பது ‘எண்ணெய்’ என்ற சாதாரணச் சொல். அவ்வளவுதான். ஒரு தவறான வாசிப்பு தலைமுறைகளாக உலகின் தலைசிறந்த அகராதியில் குடியிருந்தது. நல்ல அகராதிக்கும் மோசமான அகராதிக்கும் வேறுபாடு என்னவென்றால், பவுவர் எண்ணைக் கொடுத்திருந்தார்; அதனால் போய்ச் சரிபார்க்க முடிந்தது. கைபேசியில் வரும் ஒற்றைவரிப் பொருளுக்கு அந்த வாசல் கிடையாது.

அகராதிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து எழுதிய கதையை ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் லீ 2003இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். 1514இல் ஸ்பெயினின் அல்காலாவில் அச்சான புதிய ஏற்பாட்டுடன் இணைந்த சிறு கிரேக்க-லத்தீன் சொற்பட்டியலில் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டு வரை, பொருள்கள் எப்படிக் கைமாறி வந்தன என்று சொல் சொல்லாகத் தொடர்ந்து போகிறார். பழைய லத்தீன் மொழிபெயர்ப்பில் இருந்த சொல் அகராதியில் ‘பொருள்’ ஆகிறது, அடுத்தவர் அதை ஜெர்மனில் பெயர்க்கிறார், இன்னொருவர் ஆங்கிலத்தில். விளக்கம் எழுதாமல் நிகர்ச்சொல் மட்டும் வைப்பதே இந்தத் தொடர் நோய்க்குக் காரணம் என்பது அவர் துணிபு. 1988இல் லோவ், நைடா இருவரும் சொற்களைப் பொருட்புலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வரையறை எழுதியபோதுதான் வழக்கம் உடைந்தது. பவுவரின் ஆங்கில வடிவத்தை ஃபிரெடரிக் டாங்கர் 2000இல் திருத்தியபோது அவரும் அதே வழிக்கு வந்தார்.

கிட்டெலின் பத்துத் தொகுதி இறையியல் அகராதியைப் பற்றி நீட்டி எழுத மனமில்லை. ஒரு சொல்லின் வரலாற்றில் கிடைத்த எல்லாப் பொருளையும் ஒவ்வொரு வசனத்திலும் கொட்டும் அதன் பழக்கத்தை ஜேம்ஸ் பார் 1961இலேயே கிழித்துப் போட்டார். கெர்ஹார்ட் கிட்டெல் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதும், யூதர் பற்றி அவர் எழுதியவையும், அந்த அகராதி யூத சமயத்தைப் பேசும் பக்கங்களைப் படிப்பவர் அறிந்திருக்க வேண்டியவை. நம் ஊர் நூலகங்களில் அது கம்பீரமாக நிற்கும்போது இதை யாராவது சொல்லித்தர வேண்டும்.

சொல்லுக்கு முன்னால் பாடம் இருக்கிறது. எந்தக் கிரேக்கத்தைப் படிக்கிறோம்? ஸ்டிராங்கின் எண்கள் கிங் ஜேம்ஸ் வழியாக, பதினாறாம் நூற்றாண்டில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த எராஸ்மஸின் வகைப் பாடத்தில் நிற்பவை. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைச் சொல்லும் 1 யோவான் 5:7 வரியை எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் வைக்கவில்லை, 1522இல் சேர்த்தார். பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அது இல்லை. 1871இல் முழுமையடைந்த தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது; 1995ஆம் ஆண்டின் திருவிவிலியத்தில் இல்லை. செயலியில் அந்த வரியின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் தெரியும். வரி எப்போது உள்ளே வந்தது என்பதற்கு எண் கிடையாது. இதைத்தான் பாடபேதக் குறிப்பு சொல்லும். பாடபேதம் என்ற சொல்லுக்குத் தமிழில் விளக்கம் தேவையில்லை. ஏடு தேடி அலைந்தவர்களின் வாரிசுகள் நாம். அதனால்தான் ஒன்று உறுத்துகிறது. இன்றைய ஆய்வாளர்கள் பயன்படுத்தும் நெஸ்லே-ஆலந்து 28ஆம் பதிப்பின் கிரேக்கப் பாடத்தை ஜெர்மன் வேதாகமச் சங்கம் இணையத்தில் யாரும் படிக்கக் கொடுத்திருக்கிறது, பாடபேத அடிக்குறிப்பு இல்லாமல். முடிவு இலவசம், சான்றுக்கு விலை.

டாங்கர் பதிப்பின் விலை நூறு டாலருக்கு மேல். அவர் 2012இல் இறந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற இந்தியச் சட்டக் கணக்கில் 2072 முடிய வேண்டும். கிராமத்துச் சபையில் ஊழியம் செய்பவரிடம் அதுவரை காத்திரு என்று சொல்ல முடியாது. திருட்டுப் பிரதியைத் தேடு என்றும் சொல்ல மாட்டேன். சட்டத்துக்கு உட்பட்டே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பழைய கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் படியான சினாய் ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் 2009 முதல் இணையத்தில் பார்க்கலாம். மைக்கேல் ஹோம்ஸ் பதிப்பித்த கிரேக்கப் பாடம் 2010 முதல் இலவசம். பாப்பிரஸ் சான்றுகளை உள்வாங்கிய ஆபட்-ஸ்மித்தின் 1922ஆம் ஆண்டுக் கையடக்க அகராதி, தேயரைவிடச் சின்னது, தேயரைவிட நம்பத்தக்கது, அதுவும் காசில்லை. செயலி செய்பவர்கள் ஸ்டிராங்கின் எண்ணைத் தொட்டதும் முதலில் தேயரைத் திறக்காமல் ஆபட்-ஸ்மித்தையும் மோல்டன்-மில்லிகனையும் திறந்தால், பொருளுக்குப் பக்கத்தில் அதை எழுதிய ஆண்டைச் சின்ன எழுத்தில் போட்டால், மேடையில் ‘மூலபாஷையில்’ என்று தொடங்கும் பாதி வாக்கியங்கள் தாமாகவே தயங்கும். 1715இல் தரங்கம்பாடியில் முழுப் புதிய ஏற்பாட்டையும் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்க், கிரேக்கத்தை வைத்துக்கொண்டே மொழிபெயர்த்தார். அதே தமிழில் நேரடியாகக் கிரேக்கத்துக்குப் பொருள் சொல்லும், ஆங்கிலத்தின் தோளில் ஏறாத, எவரும் திருத்திச் சேர்க்கக்கூடிய திறந்த உரிமத்து அகராதி ஒன்றைத் தொகுக்க நம் இறையியல் கல்லூரிகள் கூடினால், அதற்கு வேண்டிய கச்சாப்பொருளில் பெரும்பகுதி ஏற்கெனவே காப்புரிமைக்கு வெளியே கிடக்கிறது.