எந்தப் பிரிவில் போட்ட வரி?

2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதத்தைத் தொட்டது. டிரம்பின் கோபம், ரஷ்ய எண்ணெய், டெல்லியின் பதில் என்று நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் நாள்கணக்கில் பேசின. சரியாக இரண்டு நாள் கழித்து, 29ஆம் தேதி, வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-4 என்ற பெரும்பான்மையில் ஒரு தீர்ப்பு சொன்னது. இந்த மாதிரி வரிகளுக்கு அதிபர் ஆதாரமாகக் காட்டிய 1977ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம், அவ்வளவு பரந்த வரியைப் போட அவருக்கு இடம் கொடுக்கவில்லை என்பது அதன் சாரம். மே 28ஆம் தேதியே சர்வதேச வர்த்தக நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்திருந்தது. அப்பீல் நிலுவையில் இருந்ததால் வரி தொடர்ந்தது. அதனாலேயே இந்தத் தீர்ப்புகள் நம் ஊரில் உள்பக்கச் செய்தியாகிப் போயின. கரூரில் துண்டும் மேசை விரிப்பும் ஏற்றுமதி செய்கிறவருக்கும், அவருக்குக் கூலிக்கு நெய்து கொடுக்கும் தறிக்காரருக்கும் அதிகம் பயன்பட்டிருக்கக்கூடிய செய்தி அந்த உள்பக்கத்தில்தான் இருந்தது.

2026 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. அந்தச் சட்டத்தின் கீழ் போட்ட வரிகள் செல்லாது என்றாகிவிட்டது. ஆனால் உருக்கு மீது போட்ட 50 சதவீத வரி அசையவில்லை. போட்டவர் அதே அதிபர், அரசும் அதே அரசு. சட்டம்தான் வேறு: உருக்கு வரி 1962ஆம் ஆண்டின் வர்த்தக விரிவாக்கச் சட்டம், 232ஆம் பிரிவின்படி, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் போட்டது. அந்த வழக்கில் அந்தப் பிரிவு கேள்விக்கே வரவில்லை. இரும்பாலை இருக்கும் சேலம் மாவட்டத்துக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. அமெரிக்கச் செய்தி வரும்போது ‘யார் சொன்னார்’ என்று கேட்கும் பழக்கத்தை விட்டு, ‘எந்தச் சட்டத்தில், எத்தனை நாளைக்கு, யார் ஓட்டுப் போட்டு’ என்று கேட்கும் பழக்கத்துக்கு நாம் மாற வேண்டும் என்பதே என் வாதம். அந்த நாட்டு அரசியல் சாசனம் வரி விதிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத்தான் கொடுத்திருக்கிறது. வருவாய் மசோதா கீழவையில்தான் தொடங்க வேண்டும். அதிபர் கையில் இருப்பதெல்லாம் நாடாளுமன்றம் அவ்வப்போது எழுதிக் கொடுத்த அதிகாரம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனை உண்டு.

அந்த 1962ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த கதையே நெசவோடு சம்பந்தப்பட்டது. அப்போது கென்னடி அதிபர். உலக நாடுகளோடு வரியைக் குறைத்துப் பேசும் அதிகாரம் அவருக்கு வேண்டியிருந்தது. அதற்கு நாடாளுமன்றத்தில் ஓட்டு வேண்டும். வட, தென் கரோலினா, ஜார்ஜியா போன்ற தென் மாநில உறுப்பினர்களின் தொகுதிகள் நூல் ஆலைகளாலும் நெசவு ஆலைகளாலும் நிறைந்தவை. ஜார்ஜியாவின் கார்ல் வின்சன் போன்ற மூத்தவர்கள் ஜவுளிக்குப் பாதுகாப்பு கேட்டு அணி திரட்டினார்கள். கென்னடி இறங்கி வந்தார். 1961இல் பருத்தி ஜவுளிக்கு ஒரு குறுகிய கால உடன்பாடு, 1962இல் நீண்ட கால உடன்பாடு, 1974இல் செயற்கை இழையையும் கம்பளியையும் சேர்த்துப் பல்லிழை உடன்பாடு என்று அது வளர்ந்தது. எந்த நாடு எத்தனை சட்டை, எத்தனை கெஜம் துணி அனுப்பலாம் என்ற கோட்டா முறை இப்படித்தான் வந்தது. 2005 ஜனவரி 1 அன்றுதான் அது முழுதாக ஒழிந்தது. நாற்பது வருஷத்துக்கும் மேல் நம் ஜவுளிக்காரர்கள் கோட்டாவுக்காக அலைந்ததன் வேர், இங்கே பெயர்கூடத் தெரியாத சில தொகுதிகளின் தேர்தல் கணக்கில் இருந்தது. கென்னடி அனுதாபியா, எதிரியா என்று எவ்வளவு விவாதித்திருந்தாலும் அது பிடிபட்டிருக்காது.

அதே பல்லிழை உடன்பாட்டில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. குடிசைத் தொழிலாகக் கைத்தறியில் நெய்த துணிக்கும், அந்தத் துணியில் கையால் தைத்த பொருளுக்கும், உரிய சான்றிதழ் இருந்தால் கோட்டா கிடையாது. 12ஆம் ஷரத்தின் ஓர் உட்பிரிவு அது. கைத்தறி நிறைந்த நம் சேலம் பகுதிக்கு இதைவிடச் சாதகமான வாசகம் இருந்திருக்க முடியாது. ஆட்டையாம்பட்டியிலும் இளம்பிள்ளையிலும் தறி ஓட்டிய எத்தனை பேருக்கு அது ஒழுங்காகச் சொல்லப்பட்டது? சான்றிதழ் வாங்கத் தெரிந்த ஏற்றுமதியாளருக்குத் தெரிந்தது. பாவு கட்டி நெய்து கொடுத்தவருக்கு, விலை பேசும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி அது. அவரிடம் அது போய்ச் சேர ஒரு வழியும் இருக்கவில்லை.

‘அதெல்லாம் பழங்கதை, இப்போது ஒரே மனிதர் ராத்திரியோடு ராத்திரியாக 50 சதவீதம் போடுகிறார், சட்டம் என்ன செய்தது’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை நம் ஆலைகள் பட்ட பாடு பொய்யல்ல. தீர்ப்பு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு இரு நாட்டு உடன்பாட்டில் வரியை 18 சதவீதமாகக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது, தீர்ப்பு வந்த அன்றே அதிபர் 1974ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டத்தின் 122ஆம் பிரிவைக் கையில் எடுத்தார் என்பதும் உண்மை. ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவு. ஆனால் அந்த இன்னொரு கதவின் அளவைப் பாருங்கள். 122ஆம் பிரிவின்படி 15 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. 150 நாளுக்கு மேல் நீட்டிக்க நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும். அந்த வரி அமலுக்கு வந்த பிப்ரவரி 24 முதல் எண்ணினால் ஜூலை பிற்பகுதியில் அந்தக் கெடு. அதே ஆண்டு நவம்பர் 3 அன்று கீழவையின் 435 இடத்துக்கும் தேர்தல். விலைவாசியால் கொதித்திருக்கும் வாக்காளர் முன் நிற்கப் போகும் உறுப்பினர், சுமார் மூன்று மாதத்துக்கு முன்னால் வரிக்கு ஆதரவாகக் கை தூக்க யோசிப்பார். 50 சதவீதத்தில் விற்காத துண்டு 15 சதவீதத்தில் விற்கும். நிரந்தர வரி என்றால் தறியை விற்கலாமா என்று யோசிப்பவர், கெடு உள்ள வரி என்றால் கடனைத் தள்ளிப்போட்டுத் தாக்குப்பிடிக்கலாம். மனிதரின் மூர்க்கத்தை நான் மறுக்கவில்லை. அந்த மூர்க்கம் எவ்வளவு தூரம், எவ்வளவு நாள் போகும் என்பதைச் சட்டம்தான் சொல்கிறது.

அதிபரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் இதே பதில்தான். வளரும் நாடுகளின் பொருள்களுக்குத் தீர்வை இல்லாத முன்னுரிமைத் திட்டம் ஒன்று அமெரிக்காவில் 1976 முதல் நடைமுறையில் இருந்தது. 2019 ஜூன் 5 அன்று டிரம்ப் இந்தியாவை அதிலிருந்து நீக்கினார். அதை நட்பு முறிவு என்று படித்தோம். அதற்கு முன்பே அமெரிக்கப் பால் உற்பத்தியாளர் அமைப்புகளும் மருத்துவக் கருவித் தயாரிப்பாளர்களும், இந்தியச் சந்தை தங்களுக்குத் திறக்கவில்லை என்று மனு கொடுத்திருந்தார்கள்; விசாரணை தொடங்கியது அந்த மனுவில். பைடன் வந்ததும் திரும்பக் கிடைக்கும் என்று இங்கே சிலர் காத்திருந்தார்கள். ஆனால் அந்தத் திட்டத்தின் ஆயுளே 2020 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. நாடாளுமன்றம் புதுப்பிக்காததால், பைடன் காலம் முழுக்க அது எந்த நாட்டுக்குமே கிடைக்கவில்லை.

முட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும், நாமக்கல் பக்கத்தில் இருப்பதால். 2025இல் பறவைக் காய்ச்சலால் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் கோழிகள் அழிந்தன. மார்ச் மாதம் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை அங்கே 6 டாலரைத் தாண்டியது. ஜூனில் நாமக்கல்லிலிருந்து சுமார் ஒரு கோடி முட்டை கப்பலேறியது, ஊரே மகிழ்ந்தது. வரி வந்து அதைக் கெடுத்துவிட்டது என்பது பாதி உண்மைதான். ஜூன் மாதமே அங்கே விலை 4 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்னொரு தடையை நம்மவர்கள் பேசுவதே இல்லை. கலிபோர்னியா மக்கள் 2018இல் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய சட்டப்படி, கூண்டில் அடைத்த கோழியின் முட்டையை அந்த மாநிலத்தில் விற்க முடியாது. நாமக்கல் பண்ணைகள் பெரும்பாலும் கூண்டுப் பண்ணைகள். அந்தச் சட்டத்தை நீக்கக் கோரி 2025 ஜூலையில் அமெரிக்க மத்திய அரசே கலிபோர்னியா மீது வழக்குப் போட வேண்டியிருந்தது. ஓர் உத்தரவால் அதிபரால் தள்ளிவிட முடியவில்லை. வாஷிங்டனை மட்டும் பார்த்து முட்டை வியாபாரம் திட்டமிட முடியாது.

இதெல்லாம் டெல்லி அதிகாரிகளின் வேலை, தறிக்காரருக்கும் பண்ணைக்காரருக்கும் எதற்கு என்று சொல்பவர்களிடம் ஒரு விஷயத்தைக் காட்ட விரும்புகிறேன். அமெரிக்காவில் இறக்குமதி வரியைக் கட்டுவது அங்கே சரக்கை இறக்குபவர். வரி ஏறியதும் அவர் இங்கே உள்ள ஏற்றுமதியாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்வார். ஏற்றுமதியாளர் கூலியைக் குறைப்பார். கடைசிச் சுமை பள்ளிபாளையத்துத் தறிக்காரர் தலையில் விழும். பிறகு வரி செல்லாது என்று தீர்ப்பு வந்தால், கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை சட்டப்படி அந்த இறக்குமதியாளருக்குத்தான். தள்ளுபடி கொடுத்த நம் ஏற்றுமதியாளர், ‘வரி திரும்பி வந்தால் எனக்குப் பங்கு’ என்று ஆகஸ்டிலேயே எழுதி வாங்கியிருந்தால் மட்டுமே ஏதாவது கேட்க முடியும். மே மாதத் தீர்ப்பைப் படித்திருந்தால் அப்படி எழுதி வாங்கத் தோன்றியிருக்கும்.

இனி வரி வரப்போவது பெரும்பாலும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 301ஆம் பிரிவு போன்ற வழிகளில்தான். அதில் விசாரணை உண்டு. எழுத்து மூலம் கருத்துச் சொல்ல அவகாசம் உண்டு. வெளிநாட்டுத் தொழில் சங்கங்களும் மனு போடலாம். ஆகவே சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு மாவட்டச் சங்கங்கள் ஒன்று சேர்ந்து, இந்த அறிவிப்புகளைத் தினமும் படிக்கவும் கெடுவுக்குள் மனு எழுதவும் சட்டம் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்த வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளும் அமெரிக்க வரிச் செய்தியை வெளியிடும்போதெல்லாம், அது எந்தப் பிரிவின் கீழ் வந்தது, எந்தத் தேதியில் முடிகிறது என்ற இரண்டு விவரத்தையும் கூடவே அச்சிட வேண்டும்.