உறுதியையும் இரவல் வாங்குவதா?

மேலைநாட்டிலிருந்து சைக்கிள் வந்தது. அதன் பெயரும் உடன் வந்தது. டெலிபோன் வந்தபோதும் அவ்வாறே. புதுப்பொருள் தன் பெயரைச் சுமந்து வருதல் உலக இயற்கை. அவற்றுக்கு ஈடாக மிதிவண்டி, தொலைபேசி எனப் படைத்துத் தந்து, தமிழ் தன் ஆக்க வன்மையை நாட்டிக் காட்டிற்று. ஆனால், 'டெபனட்லி' என்னுஞ் சொல் எந்தப் பொருளைச் சுமந்து வந்தது? 'ஆக்சுவலி' எந்தக் கப்பலில் எந்தச் சரக்கொடு வந்திறங்கியது? வெள்ளையன் வருமுன் தமிழனுக்கு உறுதி என ஒன்று இருந்ததில்லையா? மெய் இன்னது, மெய்போல் தோன்றுவது இன்னது எனப் பிரித்தறியும் அறிவுதான் இல்லாதிருந்ததா?

'ஆக்சுவலி நான் நேற்று வந்தேன்', 'டெபனட்லி வருவேன்', 'ஆப்வியசுலி அவன்தான்', 'பிராபப்லி நாளைக்கு' என்று பேசுவோர் கல்லூரி மாணவர் மட்டும் அல்லர். தொலைக்காட்சியில் செய்தி பேசுவோரும், தமிழ் காக்க மேடையேறுவோரும் இவ்வாறே பேசுகின்றனர். ஆங்கிலத்தில் 'ஆக்சுவலி' என்பது, பிறர் எண்ணியதற்கு மாறான உண்மையைச் சுட்ட வருவது. நம்மவர் வாயிலோ அது பேச்சுக்கு முன் வரும் வெறுங்கனைப்பு!

தொல்காப்பியர் இடையியலில் ஏகாரத்திற்கு ஐந்து பொருள் கூறுகிறார். அவற்றுள் முதலில் நிற்பது தேற்றம். 'மன்ற' என்னும் சொல்லும் தேற்றம் தரும் என்கிறார். 'கொல்' ஐயம் தரும் என்கிறார். தகையணங்குறுத்தல் அதிகாரத்து முதற்குறளில், தலைவியைக் கண்ட தலைவன் அணங்கோ, மயிலோ, மாந்தப் பெண்ணோ என்று மயங்குகிறான். ஐயம் மூன்று, அங்கே 'கொல்'லும் மூன்று. தாம் முன்னோரிடமிருந்து பெற்றதைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் குறித்தே செல்கிறார். தேறியது இது, ஐயுற்றது இது, கேட்டது இது என்று சொல்லிலேயே வரைந்து காட்டிய மொழி இது!

நூலில் மட்டுமா? உழவர் வாயிலும் அது வாழ்கிறது. உளுந்தூர்ப்பேட்டைக்குப் பெயரிலேயே உளுந்து நிற்கிறது. இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திற்கு மூட்டையொடு வரும் உழவர், இன்றே விற்பதா, வைத்திருந்து விற்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். 'விலை ஏறியே தீரும்' என்றால் அது சொல்பவரின் தேற்றம். 'ஏறுமாம்' என்றால் பிறர் சொல்லக் கேட்டது. 'ஏறும் போலிருக்கிறது' என்றால் குறிகண்டு உய்த்துணர்ந்தது. 'ஏறுமோ?' என்றால் ஐயம். வினையின் வாலில் ஒட்டிய ஓரிரண்டு எழுத்தால், அச்சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பதை உழவர் அளந்துகொள்வார். 'டெபனட்லி ஏறும்' என்பவனோ, கண்டதையும் கேட்டதையும் கருதியதையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டிவிடுகிறான். சாக்கைச் சுமப்பவர் உழவர்!

துருக்கிய மொழியிலும், நேரிற் கண்ட இறந்தகாலத்திற்கு ஓர் ஈறும், கேட்டோ உய்த்துணர்ந்தோ அறிந்ததற்கு வேறோர் ஈறும் உண்டு. 1932-இல் துருக்கியர் மொழிக்கழகம் அமைத்து, அரபு, பாரசீகச் சொற்களைக் களையத் தொடங்கினர். அந்த ஈறுகளோ இன்றும் அவர்தம் நாவில் வாழ்கின்றன. நாமோ 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் வழிவந்தும், பெயர்ச்சொற்களைக் காப்பதிலேயே கண்ணாயிருந்து, இடைச்சொற்களின் வாயிலைத் திறந்துபோட்டுவிட்டோம்.

நம் தோழர்களுக்கும் ஒன்று கூறவேண்டும். 'ஆக்சுவலி' வருமிடமெல்லாம் 'உண்மையில்' என்றும், 'ஆப்வியசுலி' வருமிடமெல்லாம் 'வெளிப்படையாக' என்றும் பெயர்த்துவைப்பது தனித்தமிழ் ஆகாது. அது தமிழ் எழுத்தில் உலவும் ஆங்கிலமே. 'உண்மையில் நான் நேற்று வந்தேன்' என வேண்டா. 'நான் நேற்றே வந்துவிட்டேன்' என்க. அவ்வோர் ஏகாரம் போதும். 'டெபனட்லி வருவேன்' என்பதற்கு 'வந்தே தீருவேன்' உண்டு. 'பிராபப்லி வருவார்' என்பதற்கு 'வரக்கூடும்' உண்டு. 'ஆப்வியசுலி' என்று கேட்போரை மடக்குவதற்கு மாறாக 'வெள்ளிடைமலை' என்க. 'உள்ளங்கை நெல்லிக்கனி' என்க.

பெயர்ச்சொல்லை இழந்த மொழி ஒரு பொருளின் பெயரை இழக்கிறது. தேற்றச் சொல்லையும் ஐயச் சொல்லையும் இழந்த மொழியோ, தான் அறிந்தது எது, அறியாதது எது என்று சொல்லும் நேர்மையையே இழக்கிறது. அந்நேர்மை இல்லாத இடத்தில் பொய்யுரைப்போர்க்கு வேலை எளிது. விளம்பரக்காரனும் வாக்குக் கேட்போனும் விரும்புவதும் அதுவே.

ஆகவே, தமிழாசிரியப் பெருமக்களே! இடையியலைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் நடத்தாதீர்கள். ஒரு செய்தியைக் கண்டது, கேட்டது, கருதியது, ஐயுற்றது என நால்வகையாகச் சொல்ல மாணவரைப் பழக்குங்கள். பெற்றோரே! வீட்டில் முதியோர் 'ஆம்' போட்டுப் பேசுவதை எள்ளாதீர்கள். அவர்கள் நாவில் இருப்பது ஈராயிரம் ஆண்டு இலக்கணம். உறுதி நம்முடையதாயின், அதை உரைக்கும் சொல்லும் நம்முடையதாகவே இருக்கட்டும்!